மூடாத மூலை

டிராயிங் போட்டுக்கொண்டிருந்த பையன்
ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டான்.
கேட் பாஸ் எழுதும் என்னைப் பார்த்து
"நீயே கத்துக்கம்மா, மவுஸுதானே" என்றார் முதலாளி.

மவுஸுதான்.
ஒரு சொடுக்கில் பிறக்கிறது கோடு,
எஸ்கேப் அடிக்கும்வரை சாவதில்லை.
முதல் நாள் எங்கே தொட்டாலும் கோடு.
டீ கிளாஸை நகர்த்தக் கை போனால்
அதற்கும் ஒரு கோடு.
வெளியே மணலி சாலையில் டிரெய்லர் திரும்பும்,
மேசை அதிரும்,
நேராகப் போய்க்கொண்டிருந்தது
எண்ணூர் பக்கம் கொஞ்சம் சாயும்.

திரைக்கு நடுவில் ஒரு புள்ளி,
ஆதிப்புள்ளியாம்.
எதை வரைந்தாலும் அதில் கட்டிவிட வேண்டுமாம்.
நான் கட்டவில்லை.
சதுரத் தட்டு, நான்கு ஓட்டை,
ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்,
மொத்தமும் கோணிக்கொண்டு பின்னாலேயே வந்தது
ரேஷன் வரிசையில் ஒருத்தியின் முந்தானையை
இன்னொருத்தி மிதித்துவிட்ட மாதிரி.

நீலமாய் இருந்தால் இன்னும் ஆடும் என்று அர்த்தம்.
அளவு கொடுக்க வேண்டும்.
இது அதற்கு இணை,
இது இதற்குச் செங்குத்து,
இவை இரண்டும் சமம் என்று
சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய்க் கறுக்கும்.
கறுத்துவிட்டால் முடிந்தது.

எங்கள் மாடிக் கொடியில்
காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை
மதியத்துக்குள் முடிந்துவிடும்,
யாரும் அளவு கொடுக்காமலே.

ஒருநாள் இன்ச்சில் இருப்பது தெரியாமல்
இருநூறுக்கு இருநூறு, கனம் பன்னிரண்டு என்று அடித்தேன்.
பார்க்க அதே தட்டுதான்.
எடை கேட்டேன்.
அறுபது டன் என்றது.
ஹார்பர் கிரேனே கொஞ்சம் யோசிக்கும்.
யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு
அழித்தேன்.

அப்புறம் அந்த மூலை.
கனம் கொடுக்கப் போனால் விடவில்லை.
உருவம் மூடவில்லை என்றது.
மூடித்தானே இருக்கிறது? கண்ணால் பார்க்கிறேனே?
சக்கரத்தை உருட்டினேன்.
முதல் மூலை சரி. இரண்டாவது சரி. மூன்றாவது சரி.
நான்காவதில் உருட்டிக்கொண்டே போனேன்,
தட்டு போய், ஓட்டை போய்,
திரை முழுக்க வெறும் இரண்டு கோடுகள்,
ஒன்றையொன்று தொடப் போய்
தொடாமல் நின்ற நிலையில்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு.

அன்று சாயங்காலம் கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தார்கள்.
சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
ஒரு சந்து வானம்,
பக்கத்தில் ஸ்கூட்டரில் காலூன்றி நின்றவர்
எஞ்சினை அணைப்பதும் போடுவதுமாய் இருந்தார்.
எனக்கு ரெஜினா ஞாபகம் வந்தது.
ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் நான்.
சீட்டு விவகாரம் முடிந்து மூன்று வருஷம்.
பேசுகிறோம். சிரிக்கிறோம்.
நான் வர நேரமானால் பால் பாக்கெட் வாங்கி வைக்கிறாள்.
உருட்டிப் பார்க்கக் கூடாது,
அவ்வளவுதான்.

மறுநாள் மூலையை ஒட்டினேன், கனம் வந்தது,
பிரிண்ட் போட்டு ஷெட்டுக்கு அனுப்பினேன்.
மூன்று மணிக்கு எபினேசர் தட்டைத் தூக்கிக்கொண்டு
ஆபீஸ் வாசலில் நின்றான்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான்.
"இன்னா ஜெயசீலி, போல்ட்டு இதுல குளிக்குதே?"

பதினெட்டு விட்டம்.
நான் ஆரத்தில் போட்டிருந்தேன்.
எல்லாம் கறுப்பு. ஒன்றுகூட ஆடவில்லை.
அத்தனை உறுதியாய்
தப்பு.

முதலாளி சம்பளத்தில் கை வைக்கவில்லை.
"உன் தட்டு, நீயே எடுத்துட்டுப் போ" என்றார்.
மூன்றரைக் கிலோ.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
டிபன் பாக்ஸை அதன்மேல் வைத்து.

எங்கள் சமையலறைத் தரை ஒரு பக்கம் இறக்கம்.
கிரைண்டரின் ஒரு காலுக்கு அடியில் அதைக் கொடுத்தேன்.
இப்போது மாவு அரைக்கும்போது நகர்வதில்லை.
சிந்தினது, துடைக்க விட்டது என்று
ஓர் ஓட்டையில் மட்டும்
விளிம்பைச் சுற்றி மாவு காய்ந்து காய்ந்து
கிட்டத்தட்ட
பதினெட்டுக்கு வந்துவிட்டது.